சாதி வைத்த கூலியை 15-ஆல் பெருக்கும் சட்டம்

2025 மார்ச்சில் கே.ஜி.கண்டிகை அருகே அரசுப் பேருந்தும் டிப்பர் லாரியும் மோதி உயிர்கள் போனபோது, இரங்கல் வந்தது, நிவாரண நிதி வந்தது. அந்த நிவாரணத்தையே இழப்பீடு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம் ஜனங்களில் இன்னும் இருக்கிறார்கள். நிவாரணம் அரசு இரங்கிக் கொடுப்பது. இழப்பீடு சட்டப்படி நமக்குச் சேர வேண்டிய கடன். நிவாரணம் வாங்கியாயிற்று, இனி வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு வண்டி மோதிய விபத்தில் பஸ்காரர் லாரியைக் கைகாட்டுவார், லாரிக்காரர் பஸ்ஸைக் கைகாட்டுவார். உள்ளே உட்கார்ந்திருந்த பயணிக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை. இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம், அவர்கள் கணக்கை அவர்களே பிறகு தீர்த்துக்கொள்ளட்டும் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, எவ்வளவு கேட்பது? எங்கள் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு இப்படிப் போகிறது. இறந்தவர் 38 வயது ஆண், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாத வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்ப்பார்கள். அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மிச்சத்தை 12-ஆலும், பிறகு அந்த வயதுக்கான எண்ணான 15-ஆலும் பெருக்குவார்கள். 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உறுதியான சூத்திரம் இது. ஆளுக்கொரு நீதி என்ற நிலையை மாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் போடும் எண் எது? மாதம் 15,000 என்று நிரூபித்தால் 25,20,000 ரூபாய் வருகிறது. 8,000 என்று தீர்ப்பாயம் ‘உத்தேசமாக’ எடுத்துக்கொண்டால் 13,44,000 தான். அதே வயது, அதே சாலை, அதே சாவு. நடுவில் 11,76,000 ரூபாய்.

அந்த 8,000 எங்கிருந்து வந்தது? கழனி வேலைக்கும் சூளை வேலைக்கும் கல்லுடைப்புக்கும் யார் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்கள்? குறுக்கு விசாரணையில் எங்கள் பெண்களைப் பார்த்துக் கேட்கிறார்கள்: “உங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு வருமானம்னு ஏதாவது ரசீது இருக்கா?” ரசீது இல்லாத கூலியைத் தலைமுறை தலைமுறையாக நமக்கு விதித்தது யார் என்று அந்தக் கூண்டில் நின்று திருப்பிக் கேட்க முடியாது. நிலம் நமக்கு இல்லாமல் போனதும், நிரந்தர வேலை கிடைக்காமல் போனதும், கூலி ஊர்க்காரர் வைத்ததே என்று ஆனதும் விபத்தால் நடந்தவை அல்ல. சாதி வைத்த கூலியைச் சட்டம் எடுத்து 15-ஆல் பெருக்கித் தருகிறது. பெருக்கும் கையில் பாரபட்சம் இல்லை என்று பெருமை வேறு.

வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று 1994 முதல் 2018 வரை மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே எழுதிவைத்திருந்தது. ஆண்டுக்கு, மாதத்துக்கு அல்ல! வீட்டு வேலையும் வேலைதான், அதற்கும் மதிப்புப் போடு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சம்பளச் சான்று இல்லை என்பதற்காகவே மிகக் குறைந்த கூலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதை நம் வழக்கில் எடுத்துக் காட்டும் வக்கீல் கிடைத்தால்தானே பயன்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 2014-ல் 10 லட்சம், 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சம் என்று இதே உச்ச நீதிமன்றம்தான் நிர்ணயித்தது. அங்கே வயதும் கேட்பதில்லை, ரசீதும் கேட்பதில்லை. அந்தப் பணத்துக்கும் போராட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் உயிருக்கு ஓர் அடிமட்டத் தொகை வைக்க முடியும் என்று நீதிமன்றமே காட்டிவிட்டது. சாக்கடைக் குழியில் முடிந்தது நெடுஞ்சாலையில் ஏன் முடியாது? கூலிக்காரர் யார் செத்தாலும் இதற்குக் குறையாது என்று ஒரு தொகையைச் சட்டத்திலேயே எழுது என்கிறோம்.

எழுதுவதற்குப் பதில் கதவைச் சாத்தினார்கள். மனுப் போட ஆறு மாதக் கெடு 1988 சட்டத்தில் இருந்தது, 1994-ல் தூக்கினார்கள். 2019 திருத்தத்தில் மீண்டும் நுழைத்து 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தலைவன் செத்த வீட்டில் காரியம் முடித்து, கடன் அடைத்து, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து முடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடாதா? கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்காலம்தான். அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள்.

தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடுமா? அரசுப் பேருந்துகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு, பதிலுக்கு நிதியம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்காததால் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்று தமிழ்நாட்டின் பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சில் உத்தரவு வந்தது. அக்டோபரில் கணக்கெடுத்தால் நாடு முழுக்க 8.82 லட்சம் மனுக்கள் தேங்கிக் கிடந்தன. ஜெயித்தவர்கள் போட்ட மனுக்கள் இவை.

நம் எல்லையோரத்துக்கு ஒரு விஷயம். நகரி, புத்தூர் பக்கம் வேலைக்குப் போய் அடிபட்டால் ஆந்திராவுக்கு அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம், 166-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நூறு நாள் வேலை அட்டை, மேஸ்திரியின் கூலி நோட்டு, கூட வேலை பார்த்தவர்களின் சாட்சி, எதையும் விடாதீர்கள். இழப்பீட்டை நேராக வங்கிக் கணக்கில் போடச் சொல்லி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவிலேயே உங்கள் கணக்கு எண்ணை எழுதச் சொல்லுங்கள். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே எதிரானது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து பங்கு பேசி, எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்பவரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.