பதினைந்தாயிரம் டாலரும் பனிப்பாறை ஏணியும்

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எவரெஸ்ட்டில் ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுங்கள் என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. காத்மாண்டுவில் அதிகாரத்தில் இருந்தவர்கள் கையிலெடுத்ததோ கட்டணப் பட்டியலை. வசந்த காலத்தில் தெற்குப் பாதை வழியாக ஏறும் வெளிநாட்டவருக்கு 11,000 டாலராக இருந்த அனுமதிக் கட்டணம், 2025 செப்டம்பர் 1 முதல் 15,000 டாலர் ஆகிவிட்டது. எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் மட்டும் இன்றுவரை வரவில்லை.

பத்தாண்டுகளாகத் தொடாத கட்டணத்தை உயர்த்துவது ஓர் அரசின் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் விலையைக் கூட்டினால் கூட்டம் தானாகக் குறையும் என்று யாராவது நம்பினால், அவர்கள் எவரெஸ்ட் வியாபாரத்தை அறியாதவர்கள். ஒருமுறை ஏறிவர 40,000 டாலருக்கு மேல் செலவழிக்கத் துணிந்து வருபவர், கூடுதலாகக் கேட்கும் 4,000 டாலருக்காகவா வீடு திரும்புவார்? 2019-இல் 381 பேருக்கு அனுமதி தந்தார்கள். அந்த மே மாதம் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒற்றைக் கயிற்றைப் பிடித்தபடி ஏறுவோர் நெருக்கியடித்து நின்ற படத்தை உலகமே பார்த்துத் திகைத்தது. 2023-இல் அனுமதி 470-ஐத் தாண்டியது. அந்தப் படத்திலிருந்து அதிகாரத்தில் இருந்தவர்கள் கற்ற பாடம் இவ்வளவுதான்.

இந்த எண்ணிக்கைக்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் நம் ஆற்றாமை. அடிவார முகாமுக்கும் முதல் முகாமுக்கும் நடுவே கும்பு பனிப்பாறை உடைந்து சரிந்து கிடக்கிறது. அது நாள்தோறும் நகர்கிறது. மாடி வீட்டளவு பனிக்கட்டிகள் எப்போது சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளவுகளின் குறுக்கே அலுமினிய ஏணிகளைக் கயிற்றால் கட்டிப் பாதை போடுகிறார்கள். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் நள்ளிரவு தாண்டியதுமே நெற்றி விளக்கோடு புறப்பட வேண்டும். பணம் கட்டி வருபவர் இந்த இடத்தைச் சில முறைதான் கடக்கிறார். பக்கத்திலுள்ள லோபுசே போன்ற சிகரத்தில் ஏறி உடலைப் பழக்கிக்கொண்டு, அந்தச் சில முறையையும் குறைத்துக்கொள்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஆனால் ஏற வருபவருக்கு வேண்டிய கூடாரம், கயிறு, எரிவாயு, சாப்பாடு, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் மேலே போயாக வேண்டுமே! முதுகில் சுமையோடு ஷெர்பாக்கள் அதே ஏணிகள் மீது மீண்டும் மீண்டும் போகிறார்கள், வருகிறார்கள். காத்மாண்டுவில் கூடுதலாக ஓர் அனுமதிச் சீட்டில் முத்திரை விழுந்தால், இங்கே இன்னும் சில சுமைகள் பனிப்பாறையைக் கடந்தாக வேண்டும்.

சுமப்பவர்களின் காப்பீட்டைக் கூட்டியிருக்கிறோமே என்பார்கள். காப்பீட்டுப் பணம் சாவுக்குப் பின் வீட்டுக்கு வருவது. சாவுக்கு முன்னால், அந்த மனிதர் ஏணியில் கால் வைக்கும் தடவைகளில் ஒன்றைக்கூட அது குறைக்காது.

2014 ஏப்ரல் 18 அன்று இதே இடத்தில் பனி சரிந்து நேபாளத் தொழிலாளர்கள் 16 பேர் இறந்தார்கள். மூவரின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அரசு உடனடி உதவியாக அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், ஏறக்குறைய 400 டாலர். கொதித்துப்போன ஷெர்பாக்கள் மலையேற மறுத்தார்கள், தெற்குப் பாதையில் அந்தப் பருவமே நின்றுபோனது. காப்பீட்டை உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று.

அதே ஆண்டுதான் ஏறும் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையோடு இறங்க வேண்டும், குழுவுக்கு 4,000 டாலர் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் விதி போட்டார்கள். கீழ் முகாம்களில் பொறுக்கிய குப்பையைக் காட்டி முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் போனார்கள். உயரத்து முகாம்களின் குப்பை அங்கேயே கிடக்கிறது. விதி பலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே பத்தாண்டு பிடித்தது. குழுக்களைக் கண்காணிக்கத் தொடர்பு அலுவலர்கள் உண்டு. அவர்களில் பலர் அடிவார முகாமையே எட்டிப் பார்ப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. 2016-இல் ஓர் இந்தியத் தம்பதி ஒட்டுவேலை செய்த படத்தைக் காட்டிச் சான்றிதழே வாங்க முடிந்ததென்றால், கண்காணிப்பின் தரத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? மற்ற மலையேறிகள் புகார் சொன்ன பிறகே அது ரத்தானது. 2017 இறுதியில் பார்வையற்றவர்களும் இரு கால்களை இழந்தவர்களும் ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். மறு ஆண்டே நீதிமன்றம் அதை நிறுத்தியது. இரு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்த ஹரி புத்த மகர் 2023 மே மாதம் உச்சியில் நின்றார்.

ஏறக் கூடியவரைத் தடுக்கத் தெரிந்த கைகளுக்கு, நீதிமன்றமே கேட்ட ஒரு வரம்பை மட்டும் எழுத வரவில்லை. வருமானத்தின் கணக்கு அவர்களுக்கு டாலர் சுத்தமாகத் தெரிகிறது. ஏணியைக் கடப்பவர்களின் கணக்கை யாரும் கேட்பதுமில்லை, அவர்கள் வைத்திருப்பதாகவும் தெரியவில்லை. இது கவனக்குறைவு என்று நாம் நம்பத் தயாராக இல்லை. வரம்பு போட்டால் வரவு குறையும் என்ற பயம், அவ்வளவுதான்.

ஏறுவோர் எண்ணிக்கைக்கு உருப்படியான ஒரு வரம்பு வேண்டும். அதை முடிவு செய்யும் மேசையில் சுமப்பவர்களுக்கும் இடம் வேண்டும். கூடுதலாக வசூலாகும் பணத்தில் கணிசமான பங்கு அவர்களின் பாதுகாப்புக்குப் போக வேண்டும். எப்படிச் செய்வது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். அடுத்த பருவத்துக்குக் கும்புவில் முதல் ஏணியைக் கட்டும் முன்பே பேச வேண்டும்.