சொப்புக்குப் பேர் கிடைச்சாச்சு, உளிக்கு?

எங்க குலசை தசராவுக்கு வாறவங்க பிள்ளைகளுக்கு ஏதாவது விளையாட்டுச் சாமான் வாங்காம ஊர் திரும்ப மாட்டாங்க. கடைகள்ல பிளாஸ்டிக்குக்கு நடுவுல மரச் சொப்பும் கிடக்கும். அடுப்பு, பானை, உரல், உலக்கை, திருகைன்னு ஒரு குட்டி அடுப்படியே இருக்கும். மரச் சொப்புன்னா எங்க பக்கம் அம்பாசமுத்திரம்தான். தாமிரபரணிக்கு மேல்கோடியில அந்த ஊர், கீழே கடலோரத்துல நாங்க. அந்தச் சொப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. சந்தோசம்தான். ஆனா பேரை மட்டும் காப்பாத்தினா போதாது, அதைக் கடையுற உளியையும் காப்பாத்தணும்ங்கிறது என் கட்சி.

கடைசல்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். மரக்கட்டையை எந்திரத்துல மாட்டிச் சுத்தவிட்டு, அது சுத்தும்போதே உளியை வச்சு உருவம் எடுக்கிறது. முந்தி ஒரு ஆள் கயித்தை இழுக்க, இன்னொரு ஆள் கடைவாரு. இப்ப மோட்டார் வந்தாச்சு. கட்டை சுத்தச் சுத்த அரக்கை அழுத்திப் பிடிச்சா, உரசுற சூட்டுல அது உருகி மரத்துல ஒட்டிக்கிடும். பார்க்கிறவங்களுக்கு அந்த நிறம்தான் கண்ணுல படும். உளி யாரு கண்ணுலயும் படாது.

அந்த உளி எங்க இருந்து வருது? எனக்குத் தெரிஞ்ச கடைசல்கார அண்ணாச்சி ஒருத்தரு பழைய அரத்துல இருந்து தானே செஞ்சுக்கிடுதாரு. அரம் நல்ல எஃகு, கூர் நிக்கும். ஆனா அப்படியே தீட்டி வச்சா ஆபத்து. அரம் கண்ணாடி மாதிரி, விறைப்பு ஜாஸ்தி. சுத்துற கட்டையில மாட்டுனா பட்டுனு ஒடிஞ்சு மூஞ்சியில அடிக்கும். அதனால முதல்ல செக்கச்செவேல்னு காய்ச்சி, சாம்பல்ல பொதைச்சு மெல்ல ஆறவிடணும். பிறகு அரத்தோட பல்லைச் சுத்தமா ராவி எடுக்கணும், விரிசல் அந்தப் பல் இடுக்குலதான் தொடங்கும். உருவம் வந்ததும் திரும்பக் காய்ச்சணும். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேறுனதும் எண்ணெயில முக்கணும். அதோட விட்டாலும் ஒடியும். துடைச்சுப் பளபளப்பாக்கி இளஞ்சூட்டுல காட்டணும். 200 டிகிரியைத் தாண்டுனதும் இரும்பு மேல வைக்கோல் நிறம் ஏறும். அந்த நிறத்துல நிறுத்துறதுதான் வித்தை. விட்டுட்டா நீலம் பாஞ்சிரும், கூர் நிக்காது. பானை வயித்தைக் குடைய வளைஞ்ச மூக்கு, மூடி கச்சிதமா உக்கார வேற மூக்குன்னு, வேலைக்கு வேலை உளி மாறும்.

இது நம்மூரு சங்கதி மட்டும் இல்ல. பழைய படத்துல வெள்ளைக்காரத் துரை வாயில வச்சிருப்பாரே, சுங்கான். புகையிலை கெடுதல்தான், நான் அந்த வேலையை மட்டும் சொல்லுதேன். வாயில வைக்கிற காம்பை எபோனைட்டுங்கிற கெட்டி ரப்பர்ல செய்வாங்க. அதோட நுனியை முளையாட்டம் கடைஞ்சு கிண்ணத்தோட ஓட்டைக்குள்ள சொருகணும். தளர்ந்தா கழண்டு விழும், இறுகுனா மரம் பிளக்கும். அதுக்கு அங்க உள்ள கைவினைக்காரங்களும் தானே ஒரு கருவி செஞ்சுக்கிடுதாங்க. நடுவுல உள்ள ஊசி காம்போட புகை ஓட்டைக்குள்ள போகும், பக்கத்துல உள்ள கத்தி சுத்திவர ஒரே அளவா செதுக்கும். சுங்கானுக்குப் பேர்போன பிரான்ஸ் நாட்டு சென் குளோத் ஊர்க்காரங்களும் ஆதியில ஜெபமாலையும் விளையாட்டுச் சாமானும் கடைஞ்சவங்கதான். நம்ம அம்பாசமுத்திரத்துக்குச் சொந்தக்காரங்க மாதிரி.

கை அளவுக்கு ஆயுதம் செஞ்சுக்கிடுறது சம்சாரிக்கும் புதுசில்ல. என் மம்பட்டிக்கு நான்தான் கணை போடுதேன், என் உயரத்துக்கு. பனையேறுறவங்க பாளை அருவாளை இன்னொருத்தர் கையில கொடுக்க யோசிப்பாங்க. ஆயுதம் செய்யத் தெரிஞ்சவனுக்கு அது மழுங்குனா ஏன்னு தெரியும். வாங்கி மட்டும் பழகுனவன் இன்னொண்ணு வாங்கத்தான் போவான்.

"கம்ப்யூட்டர் எந்திரம் கடைஞ்சிட்டுப் போகுது, உளி எதுக்கு?"ன்னு கேப்பீங்க. ஒரே உருவம் ஆயிரம் வேணும்னா எந்திரம் நல்லதுதான். ஒரு சொப்புச் செட்டுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வடிவம், மரத்துல கணு வாற இடமும் கட்டைக்குக் கட்டை மாறும். அதைக் கை அறியும். நான் எந்திரத்துக்கு எதிரி இல்ல. எங்க ஊர்லயே இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டியாச்சு. ராக்கெட்டுக்கும் கடைசல் வேலை வேணும்.

அதனால நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. ஐ.டி.ஐ.யில டர்னர் பாடம் நடக்குது. கடைசல் பட்டறைப் பெரியவங்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, உளி செய்யுறதை அந்தப் பிள்ளைகளுக்குக் கத்துக் கொடுக்கச் சொல்லணும். அந்த வைக்கோல் நிறத்தைப் புத்தகத்துல படிச்சா மட்டும் வராது, உலைக்கு முன்னால நின்னு கண்ணுல வாங்கணும்.

அடுத்தது உங்களுக்கு. சொப்பு வாங்கும்போது பிளாஸ்டிக் விலையைச் சொல்லிப் பேரம் பேசாதீங்க. ஒரு செட்டுக்குப் பின்னால பட்டறைச் சுவர்ல வரிசையா உளி தொங்குது. அதைத் தீட்டுறதுக்கும் புதுசு செய்யுறதுக்கும் ஆகிற நேரத்துக்கு அவருக்குத் தனியா யாரும் கூலி கொடுக்கலை. சொப்போட விலையிலதான் அதுவும் அடங்கியிருக்குன்னு நினைச்சுக்கிட்டு, கேட்ட காசைக் கொடுத்துட்டு வாங்க.