யார் கவனக்குறைவு?

எங்கள் வங்கிக் கவுண்டருக்கு மாசாமாசம் ஒரு பெரியவர் வருவார். கோலார் தங்கவயலில் பாறைக்கு டிரில் போட்டவர். ஃபாரத்தை நீட்டுவதற்குள் மூணு தடவை இருமல்.

'கல்லுத் தூசி தம்பி. உள்ள போனா வெளிய வராது.'

அவர் சொல்வது ஆய்வுக்குப் புதிதல்ல. அதே தங்கவயலில் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்து, நூற்றுக்கு 40க்கும் மேல் சிலிக்கோசிஸ் என்று 1947இல் எழுதிவிட்டார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. தடுக்க வழி உண்டு. தண்ணீர் விட்டுத் துளைப்பது, காற்றோட்டம், தூசியை அளப்பது. முகமூடி கடைசிக் காவல்தான்.

அங்கே பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம்ம சனம். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தூசி மூடவில்லை. கல்குவாரியில், கிரஷரில் அதே தூசி, அதே நெஞ்சு.

ஆள் செத்தால் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுகிறார்கள். தண்ணீரில்லாமல் டிரில் போடச் சொன்னானே, அது யார் கவனக்குறைவு? அறிவு இல்லாமல் இல்லை. நம்ம நெஞ்சு என்றால் அது சேரிக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

மாணவத் தோழர்களே, ஆய்வறிக்கையோடு குவாரிக்குப் போங்கள். கேளுங்கள்: தண்ணீர் எங்கே? தூசிக் கணக்கு எங்கே?