மெழுகு மாம்பழத்துக்கு ஒரு கும்பிடு

கோயிலை மூடிவிட்டால் கும்பிடும் பழக்கமும் போய்விடும் என்று நம்புகிறவர்கள், 1968ஆம் ஆண்டு சீனத்தில் நடந்த மாம்பழக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதை என்கிறோமே தவிர, அத்தனையும் நடந்தது.

அப்போது கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்தது. பீக்கிங் நகரத்துச் சிங்குவா பல்கலைக்கழகத்தில் செங்காவலர் மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். இரு அணியும் சொன்னது மாவோவின் பெயரை. இரு அணியின் கையிலும் அதே சிவப்புப் புத்தகம். சண்டையை நிறுத்த ஜூலை 27ஆம் தேதி சுமார் 30,000 ஆலைத் தொழிலாளர்களை அனுப்பினார் மாவோ. மாணவர்கள் ஈட்டியாலும் கையெறி குண்டாலும் தாக்கினார்கள். ஐந்து தொழிலாளர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி அந்தத் தொழிலாளர்களுக்கு மாவோவிடமிருந்து பரிசு வந்தது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் அவருக்குக் கொடுத்த மாம்பழங்கள்! பீக்கிங் மக்களில் பலர் அதுவரை மாம்பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. (நமக்குச் சிரிப்பு வரும். கோடையில் ஊரிலிருந்து வரும் வண்டியில் மாம்பழக் கூடை இல்லாத பெட்டி ஏது?)

பழங்கள் ஆலைகளுக்குப் போயின. ஓர் ஆலையில் பழத்துக்கு மெழுகு பூசி மேடையில் வைத்தார்கள். தொழிலாளர்கள் வரிசையில் வந்து வணங்கிப் போனார்கள். அழுகத் தொடங்கியதும் தோலை உரித்து, அண்டா நிறைய நீர் விட்டுக் கொதிக்கவைத்து ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். இதற்குத் தீர்த்தம் என்பதைத் தவிர வேறு சொல் நம்மிடம் இல்லை. பிறகு மெழுகிலேயே மாம்பழம் செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து வழங்கினார்கள். அந்நாட்களில் காலையில் மாவோ படத்தின் முன் நின்று உத்தரவு கேட்பதும், மாலையில் அன்றைய நடத்தையை ஒப்புவிப்பதும் வழக்கம். ஒன்றரை ஆண்டில் மாம்பழ மோகம் அடங்கிற்று. மின்சாரம் நின்றபோது சிலர் அந்த மெழுகுப் பழத்தையே விளக்காக ஏற்றினார்களாம்!

முதலாளிப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய செய்தி, அது தலைவர்மீது ஏழைகள் கொண்ட அன்பு என்று சில தோழர்கள் சொல்வார்கள். அன்பு இருந்தது, மறுக்கவில்லை. நாட்டின் தலைவர் தன்னை நினைத்தார் என்பது ஓர் ஆலைத் தொழிலாளிக்குச் சின்ன விஷயமா? ஆனால் அந்த ஐந்து பேர் ஏன் செத்தார்கள், மாணவர்களை அடித்துக்கொள்ளத் தூண்டியது யார் என்று கேட்கவேண்டிய இடத்தில் மாம்பழம் வந்து உட்கார்ந்துகொண்டது. தெய்வத்தையாவது நம் பாட்டிமார் "உனக்குக் கண்ணில்லையா" என்று ஏசுவார்கள். அங்கே அப்படி ஏசியிருந்தால் எதிர்ப்புரட்சிக்காரன் என்ற பட்டம்தான்.

தலைவர்கள் எல்லாரும் இதைக் கேட்டு வாங்கினார்கள் என்றும் சொல்லமுடியாது. 1924இல் லெனின் இறந்தபோது அவர் மனைவி குரூப்ஸ்காயா, நினைவுச் சின்னம் வேண்டாம், பள்ளியும் மருத்துவமனையும் கட்டுங்கள் என்று எழுதினார். கட்சி கேட்கவில்லை. தம் உடலை எரிக்கவேண்டும் என்று 1956இல் கையெழுத்திட்டவர் மாவோ. 1976இல் அவரையும் கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

சுவரில் புரட்சித் தலைவர் படம், அதன் கீழே சந்தாக் கணக்கைக் கேட்ட உறுப்பினருக்குத் துரோகிப் பட்டம். இது நம் குடும்பங்கள் பிழைக்கவந்த ஊர்களிலும் நடந்ததுதான். வரும் பொதுக்குழுவில் நம் சங்கத்தின் கணக்குப் புத்தகம் மேசைமேல் இருக்கும். பெண்கள் உட்பட யாரும் புரட்டிப் பார்க்கலாம். படத்துக்கு மாலை போடுகிறவர்கள் போட்டுவிட்டு வரட்டும்.