சத்தமிடும் டிரைவும் மலிவு வட்டுகளும்

பிளாப்பி வட்டைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். சோனி நிறுவனம் அதன் விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்திக்கொண்டது. பிளாப்பியில்தான் தகவல் தர வேண்டும் என்று கூறிய விதிகளை ஜப்பான் அரசாங்கமும் 2024-இல் ஒழித்துவிட்டது. ஆனால் உலகத்தில் ஒழிந்த பொருள் சங்கத்துப் பீரோவில் அவ்வளவு எளிதில் ஒழிவதில்லை. தணிக்கையின் பொருட்டு வேங்கிக்காலிலிருந்து நாலா திசைக்கும் செல்லும் நாம், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய வட்டுகளை இன்றும் காண்கிறோம். நெசவாளர் சங்கமாயின் அவற்றில் கரையும் முந்தானையும் புட்டாவும் இருக்கின்றன; விவசாயிகள் சங்கமாயின் பழைய கடன் கணக்கு இருக்கிறது. வேறு பிரதி உண்டா என்று கேட்டால், காரியதரிசி மோட்டுவளையைப் பார்க்கிறார்.

ஜக்கார்டு அட்டையோடு பழகியவர்களுக்கு இந்தக் கவலை விளங்கும். பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804-இல் ஜக்கார்டு அமைத்த தறியில் துளையிட்ட அட்டையே வடிவத்தைச் சுமந்தது. 1983-இல் மிலான் கண்காட்சியில் போனஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி மின்னணு ஜக்கார்டைக் காட்டிற்று. அதன்பின் வந்த யந்திரங்கள் பலவற்றில், கட்டுக் கட்டாக அட்டை சுமந்த வேலையைப் பிளாப்பி ஏற்றது. அட்டை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் வெட்டிக் கோத்துவிடலாம். வட்டு கெட்டால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் முதலில் தெரியும். ஆகையால் டிரைவ் எழுப்பும் சத்தத்தை அலட்சியம் செய்யலாகாது.

சத்தம் எல்லாம் ஒன்றல்ல. யந்திரத்தை முடுக்கியவுடன் ஒரு தரம் ‘கர்’ என்று கேட்பது, படிக்கும் முனை தன் தொடக்கத் தடத்தைத் தேடிச் செல்லும் ஓசை, அது இயல்பு. அதே ஓசை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டால், ஓரிடத்தைப் படிக்க இயலாமல் முனை பின்னுக்குப் போய் மீண்டும் முயல்கிறது என்று அறிய வேண்டும். வட்டில் கோளாறு இருக்கலாம். முனையில் அழுக்கு இருக்கலாம். முனையை நகர்த்தும் திருகு தண்டில் கிரீஸ் உலர்ந்திருக்கலாம். ‘கீச்’ என்ற ஒலியோ மிகவும் கெட்டது. அதைக் கேட்டமாத்திரத்தில் வட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். தகட்டு மூடியை விலக்கிப் பார்த்தால், பழுப்புப் பரப்பில் மெல்லிய வளையமாகக் கோடு விழுந்திருக்கக் காணலாம். அங்கே காந்தப் பூச்சு உரிந்து முனையில் அப்பிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் நல்ல வட்டு ஒன்றை உள்ளே போட்டுச் சோதிப்பது, நல்ல வட்டையும் பலி கொடுப்பதாகும். வட்டுதான் கோளாறு என்று எண்ணி அதை மூன்று கம்ப்யூட்டர்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள், அம்மைக்காரனை வீடு வீடாக அழைத்துச் செல்கிறவர்கள். முதலில் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். பிறகு, போனாலும் நஷ்டமில்லாத வட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் விடும் வழக்கம் அறவே கூடாது.

இனி மலிவு வட்டின் சங்கதி. மூன்றரை அங்குல வட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள். அங்குலத்திற்கு 135 என்ற நெருக்கத்தில் அவை அமைகின்றன. அங்குலத்திற்கு இத்தனை இழை என்று எண்ணிப் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு, இதில் ஓர் இழை பிசகினால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டு நிமிஷத்திற்கு 300 சுற்று சுற்றுகிறது; முனையும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. உறைக்குள் தூசியைத் துடைப்பதற்கென்றே நெய்யாத துணி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நெய்யாத துணியை நெசவாளர் புகழ நேர்வது விந்தைதான்! மட்டச் சரக்கில் அந்தத் துணியும் மட்டம், பூச்சைப் பிடித்திருக்கும் பசையும் மட்டம். முதல் நாள் எழுதும், மறு மாதம் படிக்காது. குறைந்த கொள்ளளவுள்ள வட்டில் துளையிட்டு 1.44 மெகாபைட் வட்டு என்று ஏமாற்றும் தந்திரமும் ஒரு காலத்தில் பரவியிருந்தது. அவ்விதம் எழுதிய வட்டுகள் உங்கள் கட்டில் இருந்தால் அவற்றையே முதலில் படித்து எடுங்கள்.

மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததை ஏற்பது என்ற முறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. நூலுக்கும் சாயத்திற்கும் தரம் கேட்கும் நிர்வாக சபை, வட்டு என்றதும் விலையை மட்டுமே கேட்டிருக்கிறது. நாம் பார்த்த ஒரு சங்கத்தில், வட்டு வாங்கியதில் மிச்சப்பட்டது நூறு ரூபாய்க்கும் குறைவு. படிக்க முடியாமற் போன முந்தானை வடிவத்தைக் கட்டத்தாளில் மீண்டும் போட, டிசைனர் ஒருவருக்குப் பல நாள் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. தணிக்கைக்கு அஞ்சித்தான் குறைந்த விலையை ஏற்றோம் என்பார்கள். காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, தரமான பொருளை அதிக விலைக்கு வாங்குவதில் குற்றமில்லை என்பதே நம் அபிப்பிராயம். அப்படி எழுதி வைத்த செலவை நாம் ஆட்சேபித்ததுமில்லை. இன்று கிடைக்கும் வட்டுகளில் பெரும்பாலானவை பழைய இருப்பு என்பதையும் நினைவிற்கொள்க. ‘புதியது’ என்ற சொல்லுக்கு உறை பிரிக்காதது என்பதற்கு மேல் பொருளில்லை.

பழைய டிரைவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முனை சற்றே இடம் பெயர்ந்த டிரைவ், தான் எழுதியதைத் தானே செவ்வனே படிக்கும். மற்ற டிரைவ் எதுவும் அதைப் படிக்காது. கள்ளப் படிக்கல் வைத்திருக்கும் கடைக்காரனுக்குத் தன் கணக்கு எப்போதும் சரியாகவே இருப்பதைப் போல. ஆகவே சத்தமிடுகிறது என்ற காரணத்தால் அதைக் கழித்துவிடுவது அவசரமாகும். அதைத் துடைத்து, அதிலேயே வட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, வேறிடத்தில் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்கும்போது வட்டின் மூலையிலுள்ள சிறு தள்ளுக்கட்டையை நகர்த்தித் துவாரத்தைத் திறந்து வைத்தால், தவறி எதுவும் எழுதப்படாது. கடையில் விற்கும் யு.எஸ்.பி. டிரைவ் சாதாரணக் கணக்கு வட்டுகளுக்குப் போதும். சில எம்பிராய்டரி, ஜக்கார்டு யந்திரங்கள் தமக்கே உரிய முறையில் எழுதியவற்றை அது பெரும்பாலும் படிப்பதில்லை.

யந்திரம் இன்னும் ஓடுகிறதென்றால், டிரைவ் இருந்த இடத்தில் பென் டிரைவ் ஏற்கும் மாற்றுக் கருவியைப் பொருத்தலாம். யந்திரம் அதைப் பிளாப்பி என்றே கொள்ளும். ஆனால் அந்த யந்திரத்தின் வகைக்குப் பொருந்துமா என்று பார்த்தபிறகே பணம் கொடுக்க வேண்டும். கட்டிலுள்ள கடைசி வட்டையும் படித்து முடித்த பின்னரே மெக்கானிக்கை அழைத்துப் பழைய டிரைவைக் கழற்றச் சொல்லுங்கள்.