பேசாத படம், பேசிய பாட்டி

சென்ற ஞாயிறு சிரம்பானில் அக்கா வீட்டில் வழக்கமான தொலைக்காட்சிச் சண்டை. பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கார்ட்டூன் வேண்டும். அக்காவுக்குத் தமிழ்த் தொடர். பாட்டிக்கு எது ஓடினாலும் ஒன்றுதான். சன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று ஒரு குறும்படத்தைப் போட்டேன். அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது.

படத்தின் பெயர் 'பிரிண்டட் ரெயின்போ'. மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் 2006இல் உருவாக்கிய 15 நிமிட அனிமேஷன். அதே ஆண்டு கான் திரைப்பட விழாவின் விமர்சகர்கள் வாரத்தில் திரையிடப்பட்டு விருதுகள் வாங்கியது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பெரும்பாலும் அவரே கையால் தீட்டிய ஓவியங்கள். விநாடிக்கு 12 படம் என்று கணக்குப் போட்டாலும் 15 நிமிடத்துக்கு 10,800 படங்கள். நினைத்தாலே கை வலிக்கிறது!

கதை சின்னது. பெருநகரத்து அடுக்குமாடி வீட்டில் ஒரு மூதாட்டி, துணைக்கு ஒரு பூனை. அவர் தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தால், மேலே அச்சிட்டிருக்கும் படத்துக்குள்ளேயே போய்விடுகிறார். வீடு சாம்பல் நிறம். தீப்பெட்டி உலகமோ வண்ணமயம். அவர் தனிமையில் வாடுகிறார் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. நிறம் வந்து, மறுபடி நிறம் போகும்போது நமக்கே உறைக்கிறது.

அந்தத் தீப்பெட்டிப் படங்களில் நம் ஊர் வாசனையும் உண்டு. 1922இல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன்பின் சிவகாசியில் தீப்பெட்டியோடு அச்சுத் தொழிலும் சேர்ந்து வளர்ந்தது.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்காவின் சின்ன மகன் கேட்டான்: "அந்தப் பாட்டி ஏன் பேசவே மாட்டேங்குறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சன்னல் பக்கமிருந்து பதில் வந்தது.

"பேச ஆளு வேணும்ல."

நாற்காலி எப்போது திரும்பியது என்று யாரும் கவனிக்கவில்லை.

பாட்டி ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு லயமும் போனது. இப்போது நான்காவது மாடி. "பாட்டி அதிகம் பேச மாட்டாங்க" என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தோம். பிள்ளைகள் பள்ளியில் மலாய், வீட்டில் ஆங்கிலம். பாட்டியின் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் புரியும். நாங்களும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்ததில்லை.

படம் முடிந்ததும் சின்னவன் அடுத்த கேள்வியைப் போட்டான்: தீப்பெட்டி எப்படிப் பற்றும்? அவன் பார்த்ததெல்லாம் திருகினால் எரியும் கேஸ் அடுப்புதான். பாட்டி எழுந்து போய், சாமி மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து வந்து ஒரு குச்சியை உரசிக் காட்டினார். விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் தடவித் தீப்பெட்டி தேடியது, மழைக்காலத்தில் குச்சி நமத்துப் போகாமல் அரிசி டின்னுக்குள் வைத்தது, பெரட்டுக்குப் பிந்தினால் மண்டோரிடம் வாங்கிய ஏச்சு என்று பேச்சு நீண்டது. புரியாத இடத்தில் கையால் நடித்துக் காட்டினார். பிள்ளைகள் அசையவில்லை. அரிசி டின் கதை எனக்கே அன்றுதான் தெரியும்.

வசனம் இருக்கும் படத்தில் நாம் காதைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கலாம். வசனமில்லாத படத்தில் கண்ணை எடுத்தால் கதை போய்விடும். மொழி தெரிந்தவர், தெரியாதவர் என்ற பாகுபாடும் இல்லை. எண்பது வயதும் ஆறு வயதும் ஒரே வரிசையில் உட்காரலாம்.

உங்கள் வீட்டிலும் 'அதிகம் பேசாதவர்' ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரோடு உட்கார்ந்து ஒரு வசனமில்லாத படம் பாருங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். படம் முடிந்ததும் உடனே தொலைக்காட்சியை மாற்றிவிடவும் வேண்டாம்; கொஞ்சம் பொறுங்கள்.