கண்ணாடிமேல் கைந்நாட்டு

கைந்நாட்டு என்னும் சொல்லை இற்றை இளைஞர் பலர் அறியார். எழுத்தறியாத உழவனின் இடக்கைப் பெருவிரலில் மை தடவி, அவன் படித்தறிய இயலாத தாள்மேல் அழுத்தச் செய்து, "இதற்கு நீ உடன்பட்டாய்" என்று வட்டிக்கடைக்காரன் சொல்லிவந்த காலம் ஒன்றிருந்தது. அவ்வொரு கருந்தடத்தால் காடு கழனி இழந்தோர் பலர். தம் மக்களேனும் அவ்விழிவினின்று மீள வேண்டும் என்றே நம் தாய்மார் கூழைக் குறைத்துக் குடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுத்தனர். எழுத்தறிவு வளர்ந்தது, கைந்நாட்டு ஒழிந்தது என்று நாமும் மகிழ்ந்திருந்தோம்.

ஒழிந்ததா? இல்லை, அன்பர்களே! ஒழிந்தது மைக்கூடு மட்டுமே. பெருவிரல் இன்று கண்ணாடிமேல் அழுந்துகின்றது. திறன்பேசியில் புதிய செயலியொன்றைத் திறந்தவுடன் ஆங்கிலத்தில் நெடிய ஆவணம் விரிகின்றது. அதன் அடியில் 'ஒப்புகிறேன்' என்னும் பொருள்பட ஒரு குமிழ் நிற்கின்றது. அதை அழுத்தினாலன்றி உள்ளே புகல் இயலாது. பன்னீராண்டு பள்ளியிற் பயின்றவனும், அதன்மேற் பட்டம் பெற்றவனும் ஒரு வரியும் படியாமல் அழுத்துகின்றனர். எழுத்தறியாதவன் வைத்த கைந்நாட்டுக்கும், எழுத்தறிந்தவன் படியாது வைக்கும் இக் கைந்நாட்டுக்கும் என்ன வேறுபாடு?

இஃது எங்கோ நிகழ்வதன்று. பென்னாகரத்தை அடுத்த சிற்றூரினர் ஓர் இளைஞர், எம்மிடம் பயின்றவர், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர். சில ஆண்டுகட்கு முன் தம் தாயின் மருத்துவச் செலவுக்காகச் செயலியொன்றின் வழியாக எண்ணாயிரம் உருபா கடன் பெற்றார். ஒரு கிழமையில் திருப்ப வேண்டிய கடன் அது. தவணை தப்பிய மறுநாளே, அவர்தம் பேசியில் பெயர் பதிந்திருந்த அனைவர்க்கும் - மாமனார்க்கும், பால் கூட்டுறவுக் கணக்கர்க்கும், எமக்கும் - அவருடைய படத்தோடு, 'இவன் ஏய்ப்பவன்' என்னும் செய்தி வந்தது. மாலையில் அவர் எம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். "ஐயா, உங்கள் எண்ணை நான் எவர்க்கும் கொடுக்கவில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவரே கொடுத்திருந்தார். பேசியில் உள்ள பெயர்களையெல்லாம் பார்க்க இசைவு தருகின்றாயா என்று அச்செயலி ஆங்கிலத்தில் கேட்டது. அவர் பெருவிரலை வைத்தார். "அதில் எழுதியிருந்ததைப் படித்தாயா?" என்று வினவினோம். "இல்லை ஐயா, படித்திருந்தாலும் விளங்கியிராது" என்றார்.

ஐந்தாண்டு அவர்க்குத் தமிழ் கற்பித்த எம்மை அவ்விடை தலைகுனியச் செய்தது. யாம் அவர்க்கு எழுத்தைக் கற்பித்தோம். அவர் மானத்தை அடகு வைத்த ஆவணமோ அவ்வெழுத்தில் இல்லை! 2022 செபுதம்பரில் ஏமவைப்பகம், கடன் வழங்கும் செயலிகள் கடன் பெறுவோரின் பெயர்ப் பட்டியலையும், அழைப்புக் குறிப்புகளையும், படங்களையும் தொடுதல் கூடாது என்று நெறி வகுத்தது. நன்று. ஆனால் அந்நெறி வருமுன் எத்தனை குடும்பங்கள் ஊர் முன்னிலையில் நாணி நின்றன! 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவிற் கடைநிலையில் நின்றது நம் தருமபுரி. அந்நாளில் இங்கு எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 68 பேர் அளவினரே. தாய்மொழி எழுத்தையே முயன்று கற்ற மக்கள்முன் ஆங்கிலத்தில் ஆவணத்தை விரித்து, ஒப்பம் கேட்பது ஒப்பமாகுமா? அஃது ஏய்ப்பின் நாகரிகப் பெயரன்றி வேறன்று.

"தன் செய்தியைத் தனக்கென வைத்துக்கொள்ளும் உரிமை மேலை நாட்டார் எண்ணம், நமக்கெதற்கு?" என்பாரும் உளர். அவர்கள் தமிழை அறியாதவர்கள். வாழ்வை அகம் எனவும் புறம் எனவும் பகுத்த இனம் நம் இனம். அன்புடைய இருவரின் அகவாழ்வைப் பாடும் பாட்டில் அவர்தம் பெயரைச் சுட்டுதல் கூடாதென்று தொல்காப்பியர் அகத்திணையியலிலேயே விதித்தார். புறத்தில் அரசன் பெயர், ஊர், போர் அனைத்தும் விளங்கச் சொல்லலாம். அகத்தில் பெயர் சொல்லலாகாது. பாடுபொருளுக்கே இத்துணை வேலி கட்டிய இனத்தின் வழித்தோன்றல், தன் வீட்டுப் பெண்டிரின் படத்தையும் தன் நோயையும் தன் கடனையும் முகமறியா நிறுவனத்தின் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, 'மறைக்க என்ன இருக்கிறது?' என்று கேட்பது வியப்பே! இவ்வுரிமையை யாம் அகவுரிமை என்று வழங்குவோம். பொருளும் மரபும் ஒருங்கே விளங்கும் சொல் அதுவே.

கருநாடக உயர்முறைமன்றத்தில் நடுவராயிருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகசுட்டு 24ஆம் நாள் உச்சமுறைமன்ற நடுவர் ஒன்பதின்மரும் ஒருமனதாக அகவுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்புரைத்தனர். மறுப்பே இன்றி ஒன்பதின்மரும் ஒன்றுபட்ட அத்தீர்ப்பை நம் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர்?

தகடூர் அதியமான் நெடுமானஞ்சிக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது சென்ற கதையை இம்மண்ணில் அறியாதார் இலர். செய்தியைக் கொண்டுசெல்பவர் அதனைத் தமக்கு முதலாக்கிக் கொள்ளலாகாது என்பது தூதின் அறம். இற்றைத் தூதராகிய புலனம் என்ன செய்கின்றது? அனுப்பும் செய்தியைத் தான் திறந்து படிப்பதில்லை என்று அது கூறுகின்றது. அது மெய்யாகவே இருக்கட்டும். ஆயின் யார் யாரோடு, எப்பொழுது, எத்துணை அடுத்தடுத்துப் பேசினர் என்னும் குறிப்புகள் அதற்குக் கிட்டுகின்றன. 2021இல், 'புதிய நிபந்தனைகளை ஏற்றுக்கொள். இன்றேல் விலகு' என்னும் போக்கில் அது மக்களிடம் ஒப்பம் கேட்டது. அதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டியாணையம் அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு 213 கோடி உருபாவுக்கு மேல் தண்டம் விதித்தது. விலைகொடாமல் கிடைக்கும் தூதரின் கூலியை யார் கொடுக்கின்றனர் என்று இனியேனும் எண்ண வேண்டாவா?

இனி, நம் இயக்கத்தார் கருத்தூன்ற வேண்டிய இடத்துக்கு வருகின்றோம். 2023 ஆகசுட்டில் நடுவணரசு மின்வழித் தனியாள் தரவுக் காப்புச் சட்டத்தை இயற்றியது. அதில் அரசு தன் துறைகட்கு விலக்களித்துக்கொள்ளும் வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. அதனை யாம் கண்டிக்கின்றோம். ஆனால் அதே சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் பிரிவுகளில் நமக்குரிய ஒரு படைக்கலன் கிடக்கின்றது. தரவு கேட்கும் நிறுவனம், தன் அறிவிப்பையும் ஒப்ப வேண்டுகையையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளுள் எதிலுமோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தருதல் வேண்டும். அப்பட்டியலில் தமிழ் உண்டு. அவ்வேண்டுகை தெளிவான எளிய மொழியில் இருத்தல் வேண்டும் என்றும் சட்டமே கூறுகின்றது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. நிறுவனங்களின் தலையாய கடமைகள் அதனின்று பதினெட்டு மாதங்கட்குப் பின், 2027இல் நடைமுறைக்கு வருமாறு அவை வகுத்துள்ளன.

ஆகவே தமிழில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பார் உளரா என்பதே வினா. கேளாத உரிமை பெட்டியிற் கிடக்கும் பட்டயம். அதைக் கறையான் தின்னும்.

இன்னொன்றையும் மறையாது கூறுவோம். நாளை அவ்வறிவிப்பு தமிழில் வந்தால், அது படித்தற்குரியதாய் இருக்குமா? பொறி பெயர்த்த சொற்குவியலை, எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடியலையும் நடையில் இட்டு, 'இதோ தமிழ்' என்று நிறுவனங்கள் நீட்டக்கூடும். அதனைக் கண்ட நம் மக்கள், 'தமிழைவிட ஆங்கிலமே எளிது' என்று மீண்டும் பழைய குமிழையே அழுத்துவர். பிழை அவர்கள்மேல் மட்டுமா? நம்மேலும் உண்டு. வாட்சாப்பு என்னும் ஒன்றற்கே புலனம், பகிரி, கட்செவி என்று மூன்று பெயரிட்டோம். எது நிற்பது என்று நாமே முடிவு செய்யவில்லை. பாட்டுக்குப் பல சொல் வளம். ஆவணத்துக்கு ஒரு பொருட்கு ஒரு சொல்லே காப்பு. கணினி, மின்னஞ்சல், கடவுச்சொல், செயலி என்பன இன்று தெருவிலும் வழங்குகின்றன. இணையம் என்னும் சொல்லைச் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்தார் என்பர். தந்தவரை அறியாதாரும் அச்சொல்லை ஆள்கின்றனர். பட்டியலில் அடுக்கியதால் இவை வாழவில்லை. நாள்தோறும் எழுதப்பட்டதால் வாழ்ந்தன. சொல்லாக்கம் பாதிப் பணியே, சொல்லாட்சியே மீதி.

வகுப்பில் யாம் இவற்றைப் பேசும்பொழுது மாணவர் சிலர், "மொழி மாறத்தானே ஐயா செய்யும்?" என்கின்றனர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு அவர்கள் கூறும் அமைதி அது. மாறும், யாம் மறுக்கவில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களில் உள்ள வட்டெழுத்தை இன்று எவரும் எழுதுவதில்லை. 1978இல் எழுத்துத் திருத்தம் வந்தபொழுது பழைய 'லை'யும் 'னை'யும் உருமாறின. ஆனால் அவையெல்லாம் தமிழெழுத்து தன் வீட்டுக்குள் செய்துகொண்ட மாற்றங்கள். வீட்டை விட்டே வெளியேறி, அயலான் திண்ணையில் படுப்பதை மாற்றம் என்பதா? மாறுதல் வேறு, மாற்றப்படுதல் வேறு.

அம்மாணவரைக் கடிந்து பயனில்லை என்பதையும் யாம் உணர்ந்தோம். அவர்கட்குத் தமிழில் தட்டெழுத எவரும் கற்பிக்கவில்லை. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப்புறமும் அமைந்துள்ளன. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாகும் நம் இலக்கணமே அதன் இயக்கம். எம் மாணவர் ஒரு கிழமையில் கற்றனர். கால் நூற்றாண்டு கடந்தும் அது பள்ளிதோறும் கற்பிக்கப்படவில்லையே!

மொழியும் அகவுரிமையும் சந்திக்கும் இடமும் அவ்விசைப்பலகையே. தமிழில் எழுத விரும்பி அயலார் விசைப்பலகைச் செயலியொன்றைப் பேசியில் நிறுவும்பொழுது, 'நீ எழுதும் அனைத்தையும், கடவுச்சொல்லையுங்கூட, இது திரட்டக்கூடும்' என்று பேசியே எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கையையும் படியாமலே அழுத்துகின்றோம். தமிழ்ப்பற்றால் நிறுவிய கருவியே தமிழனை உளவு பார்க்க இடந்தரலாமா? இற்றைத் திறன்பேசிகள் பெரும்பாலனவற்றில் தமிழ் விசைப்பலகை உடன்வருகின்றது, அதனையே ஆளுக.

அன்பர்களே, வீரமுழக்கம் போதும், வினை வேண்டும். பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுக. எச்செயலி எதைக் கேட்கின்றது என்று நின்று படித்து, அதற்குத் தேவையற்ற இசைவை மறுத்திடுக. பணம் ஏய்க்கப்படின் நாணி ஒளியாது 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்திடுக. தமிழில் அறிவிப்புத் தராத நிறுவனத்துக்குத் தமிழிலேயே மடல் எழுதிக் கேட்டிடுக. நம் கிளையமைப்புகள் திங்கள்தோறும் ஓர் ஒப்ப ஆவணத்தை எடுத்து, கற்றறிந்தாரைக் கொண்டு எளிய தமிழாக்கி, ஊர் மன்றத்தில் உரக்கப் படித்திடுக. பத்துப் பேரேனும் கேட்டு, 'இதற்கா நான் உடன்பட்டேன்!' என்று திடுக்கிடுவராயின், அன்றே நம் பணி தொடங்கிற்று எனலாம்.

அவ்விளைஞர் கடனை அடைத்துவிட்டார். ஆனால் இன்றும் எம்மைக் காணும்பொழுது கண்களைத் தாழ்த்துகின்றார். தாழ வேண்டியவை அவர் கண்கள் அல்ல. தமிழனிடம் தமிழில் கேளாமல் அவன் அகத்தைக் கவர்ந்தவனும், அதனைக் கண்டும் வாளாவிருந்த நாமுமே தலைதாழ வேண்டியவர்கள். பெருவிரலை எடுப்போம், கண்ணால் படிப்போம், நம் மொழியில் கேட்ட பின்னரே ஒப்புவோம்!